வான்கதவு திறந்தவரின் மனு

கல்முனையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவன் நான். அவர் எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் மௌத்தாகி நெடுங்காலம் ஆகிறது. தன் பெயர் அச்சில் வருவதை உயிரோடு இருந்தபோதே அவர் விரும்பியதில்லை. ஊரில் எல்லோரும் அவரை ‘எம்.பி. சேர்’ என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம், புதிதாக ஓர் உறுப்பினரிடம் செயலாளராகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தார். இப்போதெல்லாம் சனங்கள் கடிதம் எழுதுவதில்லையாம். முறைப்பாடுகள் குரல்பதிவாக அவருடைய போனுக்கே வந்து குவிகின்றனவாம். நீங்கள் அந்தக் காலத்தில் என்ன ஒழுங்கில் செய்தீர்கள் என்று கேட்டார். பதிவேடு, இலக்கம், நகல் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போனை வைப்பதற்கு முன் இன்னொன்று கேட்டார். உங்கட கையால ஒரு பெரிய பிழையும் நடக்கல்லயா, சேர்? அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். அன்று முழுக்க மனசு சரியில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் தட்டச்சுப் பழகி, நீதிமன்றம் இருந்த கோட்டடியில் ஒரு வழக்கறிஞரிடம் நாலு வருடம் வேலை செய்தேன். சத்தியக்கடதாசி, உறுதி, குத்தகைப் பத்திரம் என்று தட்டித் தட்டி விரல் தடித்துப்போன காலம் அது. எழுபத்தேழில் அந்த வழக்கறிஞரின் நண்பர் தேர்தலில் வென்றார். அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை அனுப்பிவைத்தார்கள்.

எம்.பி. சேரின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பாராளுமன்றம் கூடாத நாட்களில் காலை எட்டு மணிக்கே படிக்கட்டு நிறைந்துவிடும். எம்.பி. சேருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். கதிரை இல்லையென்றால் தானும் நின்றுகொண்டே கேட்பார். எவ்வளவு கூட்டம் என்றாலும் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசிப்பார். பிறகு எல்லோரிடமும் ஒரே இரண்டு கேள்விகள். ஒன்று, இது நீங்கள் கண்டதா, கேள்விப்பட்டதா? மற்றது, இதில் உங்களுக்குப் பாதகமான விஷயம் என்ன? இரண்டாவது கேள்விக்குச் சனங்கள் தடுமாறுவார்கள். உதவி கேட்டு வந்த இடத்தில் தன் குறையை ஏன் சொல்ல வேண்டும்? அவர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். அது வெளியில் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, எழுது என்பார்.

ஒருமுறை இறக்காமத்திலிருந்து ஐந்தாறு விவசாயிகள் யானை விரட்டும் வெடி கேட்டு வந்தார்கள். நூறு யானைகள் வயலுக்குள் இறங்கிவிட்டதாகக் கடிதம் சொன்னது. நீங்கள் கண்டது எத்தனை என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் வயதான ஒருவர், மூணு சேர், அதுல ஒண்டு குட்டி என்றார். மூன்று யானைகள், அவற்றில் ஒன்று குட்டி என்றே எழுதி அனுப்பினோம். இரண்டு கிழமையில் வெடி வந்தது. கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருந்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார், அந்த மாதம் வந்த கடிதங்களில் நம்பும்படியாக இருந்தது அது ஒன்றுதானாம்.

சட்டம் படித்த காலத்தில், அமெரிக்கா புதிதாகக் குடியரசான நாட்களின் அவை நடவடிக்கைகளை எம்.பி. சேர் விரும்பி வாசித்திருக்கிறார். ஒரு நாள் மனு ஒன்றை மூன்றாம் முறையாகத் தட்டச் சொன்னபோது எனக்கு அலுப்பு வந்ததை முகத்தில் கண்டுவிட்டார். தேநீர் வரவழைத்துவிட்டுச் சொன்னார்.

“அங்க முதல் காங்கிரஸ் காலத்துல மெம்பர்மாருக்குக் கந்தோரும் இல்ல, கிளாக்கரும் இல்ல. சபைக்குள்ள ஒரு மேசை, அதுல இழுக்கிற ஒரு லாச்சி. அவ்வளவுதான்.”

வாடகை விடுதியில் ஓர் அறையில் இரண்டு மூன்று பேராகத் தங்கி, கடிதங்களைத் தாங்களே எழுதினார்களாம். போரில் கால் போனவன், புருஷனை இழந்தவள், கப்பலைப் பறிகொடுத்தவன் என்று ஊரிலிருந்து மனுக்கள் வரும். உறுப்பினர் எழும்பி நின்று, இன்னாருடைய மனு இது என்று அவைக்குச் சொல்வார். பெரும்பான்மைக்குப் பிடிக்காத மனுவென்றால், மேசையில் கிடக்கட்டும் என்று தீர்மானித்துவிடுவார்கள். அது அங்கேயே கிடந்து மக்கிப்போகும்.

“அவங்களுக்குக் கிளாக்கர் இல்ல. அதால கையெழுத்துக்கு அவங்களே பொறுப்பு. எனக்கு நீ இரிக்காய். என்ர கையெழுத்துல பாதி உன்ர கையெழுத்து, ஹனீபா.”

எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதன் பாரம் விளங்க ஒரு வருடம் ஆனது.

நான் சொல்லவந்த விஷயம் எழுபத்தெட்டுச் சூறாவளியோடு தொடங்கியது. இறக்காமத்துப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில் உதுமாலெவ்வை என்பவர் காவலாளியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். குளம் நிரம்பினால் தண்ணீரை வெளியே விடுவதற்கு அங்கே இரும்பால் செய்த இரண்டு வான்கதவுகள். மேலிடத்துக் கட்டளை இல்லாமல் அவற்றில் கை வைக்கக் கூடாது என்பது விதி. சூறாவளியன்று பின்னேரம் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. வீதியெல்லாம் மரம். குளக்கட்டின் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து மண் கரையத் தொடங்கியது. கட்டுக்குக் கீழே முதலில் வயல், அதற்குக் கீழே ஊர். உதுமாலெவ்வை இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். கட்டு தப்பியது, ஊரும் தப்பியது. ஆனால் விதைத்து ஒரு மாதமேயான வயல்கள் சில மணலால் மூடுண்டன.

பின்னர் நடந்த விசாரணையில், கட்டுக்கு ஆபத்தே இருக்கவில்லை என்றும், காவலாளி பயந்துபோய்க் கட்டளையின்றிக் கதவைத் திறந்துவிட்டு ஓடிவிட்டார் என்றும் அதிகாரி ஒருவர் அறிக்கை எழுதினார். உதுமாலெவ்வை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் கொடுத்த மேன்முறையீடுகள் இரண்டும் ஒரே பதிலோடு திரும்பிவந்தன. எழுபத்தொன்பதின் கடைசியில் அவர் எங்கள் படிக்கட்டில் வந்து நின்றார்.

எம்.பி. சேர் வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டார். பாதகமானது என்ன என்ற கேள்விக்கு உதுமாலெவ்வை தலையைக் குனிந்துகொண்டார். கட்டளை இல்லாமல் திறந்தது உண்மை என்றார். கூட யாரும் இருந்தார்களா என்று கேட்டதற்கு, ஒருத்தரும் இல்ல சேர், நான் தனியத்தான் என்றார். ஓடிப்போகவில்லை, அன்று முழுக்கவும் மறுநாளும் குளக்கட்டிலேயே நின்றேன் என்றார். அதற்கும் சாட்சி இல்லை.

இனிக் கடிதம் எழுதிப் பயனில்லை, பொதுமனுவாகக் கொடுப்போம் என்று முடிவானது. அது ஒரு தனி வேலை. உறுப்பினர் அதை அவையில் தானே சமர்ப்பிக்க வேண்டும். பிறகு அது பொதுமனுக் குழுவுக்குப் போகும். குழு விரும்பினால் இரு பக்கத்தாரையும் அழைத்து விசாரிக்கும். மனுவின் நடை மரியாதையாக இருக்க வேண்டும், கடைசியில் என்ன நிவாரணம் வேண்டும் என்று ஒரே வசனத்தில் கேட்க வேண்டும், மனுதாரரின் ஒப்பத்துக்குக் கீழே உறுப்பினரின் ஒப்பம் இருக்க வேண்டும். எம்.பி. சேர் வரைவைப் பென்சிலால் இரண்டுமுறை திருத்தினார். ‘மிகவும்’, ‘அநியாயமாக’, ‘ஈவிரக்கமின்றி’ என்று நான் போட்டிருந்த சொற்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். சுத்தப் பிரதி தட்டச் சொல்லிவிட்டு பகல் லுஹர் தொழுகைக்குப் போனார்.

தட்டும்போது அந்த ஒன்றரைப் பக்கம் எனக்கு மிகவும் மெலிந்ததாகப் பட்டது. உதுமாலெவ்வையின் மனைவி வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்தேன். வயல்கள் எப்படியும் மழை வெள்ளத்தில் போயிருக்கும் என்று உதுமாலெவ்வை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வசனத்தைச் சேர்த்தேன்: ‘மனுதாரரின் செயலால் எவருடைய வயலுக்கும் சேதம் ஏற்படவில்லை.’ எழுதியபோது குற்றம் செய்வதாகவே தோன்றவில்லை. ஓர் ஏழைக்குக் கைகொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

எம்.பி. சேர் தொழுதுவிட்டு வந்தபோது கொழும்புக்குப் போகும் வாகனம் கீழே நின்றது. பேனாவை எடுத்துக்கொண்டு, வரைவுல இருந்ததுதானே என்று கேட்டார்.

“ஓம் சேர்.”

ஒப்பமிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில், சொறிக்கல்முனையிலிருந்து சவரிமுத்து என்ற விவசாயி வந்தார். உயர்ந்த, மெலிந்த மனிதர். அந்தக் குளத்துக்குக் கீழே அவருக்கு நாலு ஏக்கர் வயல் இருந்தது. உதுமாலெவ்வைக்காக எம்.பி. மனு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தாராம். உட்காரச் சொன்னேன். வயல் உங்களுடையதா, அதற்கு ஏதாவது சேதமா என்று, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்டேன்.

“நாலு ஏக்கரும் மணல் மூடிப்போச்சு, தம்பி. அந்த முறை ஒரு மரைக்கால் நெல்லும் வெட்டல்ல.”

தட்டச்சுப் பொறியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார். அன்று வயல் பார்க்கப் போனவர் காற்றில் அகப்பட்டு, காவலாளியின் குடிலுக்குள் ஒதுங்கியிருக்கிறார். குளக்கட்டில் கசிவைக் கண்டதும் அவர்தானாம். வான்கதவைத் தூக்கும் இரும்புச் சக்கரத்தை ஒருவரால் திருப்ப முடியாது. உதுமாலெவ்வை தன்னந்தனியே மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு இவரும் போய்ப் பிடித்திருக்கிறார். இரண்டு கதவுகளையும் இருவரும் சேர்ந்தே திறந்தார்கள். ஆனால் அரசாங்கத்துக் கதவில் வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து, தனியாகத்தான் திறந்தேன் என்று சொல்லுவதாக உதுமாலெவ்வை அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

“அவர் எனக்காகத்தான் வாய தொறக்காம இரிக்கார். ஒரு வருசமா எனக்குச் சோறு இறங்கல்ல. நான் சொல்லிப்போட்டுப் போறன், நீங்க எழுதுங்க” என்றார்.

உதுமாலெவ்வையைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் சேர்த்த அந்த ஒற்றை வசனம், அவரையே பொய்யராக்கும். விசாரணையில் வயல் சேதத்தை நிரூபிக்க அதிகாரிக்கு ஐந்து நிமிடம் போதும். மனு அத்தோடு முடியும். கீழே இருப்பதோ எம்.பி. சேரின் ஒப்பம். அவை கூடுவது மறுநாள்.

அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினேன். கொழும்பில் எம்.பி.மார் தங்கும் விடுதிக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவனை அவர்கள் கூப்பிட்டபோது, பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கே அழைத்துவிட்டார்கள். அவ்வளவு நேரமும் என்ன சொல்லித் தப்பலாம் என்றுதான் யோசித்தேன். அவசரத்தில் பழைய வரைவு மாறி வந்துவிட்டது என்று சொல்லலாம். உதுமாலெவ்வை சொன்னதைத்தான் எழுதினேன் என்று சொல்லலாம். தொலைபேசிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தி, எம்.பி. சேரின் குரல் கேட்டதும் இரண்டும் மறந்துபோய்விட்டன. நடந்ததை அப்படியே சொன்னேன்.

எம்.பி. சேர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த வசனம் அவர் சொன்னதா, நீ எழுதினதா?”

“நான் எழுதினது, சேர்.”

“நான் கேட்டபோது ஓம் எண்டு சொன்னாய்.”

“ஓம் சேர். பொய் சொன்னன்.”

மூன்று நிமிடம் முடிந்தது என்று இடையில் தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது.

“மனு இன்னும் என்ர பையிலதான் இரிக்கு. நாளைக்குக் கொடுக்கல்ல. நான் வெள்ளிக்கிழமை வாறன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் மனு பையிலேயே இருக்கிறது என்ற அந்த ஒரு செய்தியில் நெஞ்சு லேசாகிவிட்டது. தபால் கந்தோர்ச் சுவரில் சாய்ந்து, ஒரு சோடாவை ஒரே மூச்சில் குடித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எம்.பி. சேர் வந்தார். ஏசவில்லை. உதுமாலெவ்வையையும் சவரிமுத்தரையும் வரச்சொல்லியிருந்தார். இருவரையும் உட்காரவைத்துவிட்டு, புதிய மனுவை அவர்கள் முன்னாலேயே சொல்லச் சொல்ல என்னைத் தட்டவைத்தார். ‘மனுதாரர் கட்டளை பெறாமலே கதவுகளைத் திறந்தார். அதனால் கீழ்க்காணும் வயல்கள் மணலால் மூடுண்டன.’ சவரிமுத்தரின் பெயரும் ஏக்கர் அளவும் முதலில் வந்தன. சக்கரத்தைத் திருப்ப அவரும் கைகொடுத்தார் என்பது அடுத்த வசனம். உதுமாலெவ்வை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“நான் குற்றவாளி எண்டு நீங்களே எழுதுறீங்களே, சேர்.”

“அதை அவங்க சொல்ல முந்தி நாம சொல்லுவம். மறுகா அவங்களுக்குச் சொல்ல ஒண்டும் மிஞ்சாது” என்றார் எம்.பி. சேர்.

உதுமாலெவ்வை சவரிமுத்தரைப் பார்த்தார். உன்னை நீயே ஏன் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. சவரிமுத்தர் அவருடைய தோளைப் பிடித்துத் திரும்ப உட்காரவைத்தார். தட்டி முடித்ததும் எம்.பி. சேர் மனுவைத் தன் கையில் வாங்கவில்லை. என்னையே உரத்து வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தார். எண்பத்தெட்டில் அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அதுவே எங்கள் கந்தோரின் வழக்கமாக இருந்தது. மனுதாரரின் முன்னிலையில் நான் உரத்து வாசிக்காத ஒரு தாளிலும் அவர் அதற்குப் பிறகு ஒப்பமிட்டதில்லை. எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். அதுவும் நாளடைவில் தண்டனையாக இல்லாமல் போய்விட்டது.

மனு சமர்ப்பிக்கப்பட்ட நாளில் காலிமுகத்திடலில் இருந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் பார்வையாளர் கலரியில் நான் இருந்தேன். சபாநாயகர் அழைத்தார், எம்.பி. சேர் எழும்பினார், இறக்காமத்தைச் சேர்ந்த உதுமாலெவ்வையின் மனு என்றார், உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே இருந்தவர்களில் பாதிப்பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் ஒரு செய்தியும் இல்லை. மேசையில் கிடந்து மக்குகிறதோ என்று ஒவ்வொரு தபாலுக்கும் நினைப்பேன்.

கடைசியில் குழு அழைத்தது. உதுமாலெவ்வையும் சவரிமுத்தரும் நானும் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலேறினோம். உதுமாலெவ்வையின் மனைவி கட்டிக்கொடுத்த புட்டையும் பொரித்த மீனையும் மூன்று பேரும் வழியில் சாப்பிட்டோம். இருவரும் நெல்லையும் மாட்டையும் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்கள், வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குழு கூடிய அறையில் நீளமான மேசை. குழு உறுப்பினர்கள் ஒரு பக்கம், அறிக்கை எழுதிய அதிகாரி எதிர்ப்பக்கம். கேள்விகள் சிங்களத்தில் வர, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அதிகாரி கெட்டவர் போலத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதர். மனுவில் கட்டளை மீறலும் வயல் சேதமும் முதலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்ததால், அவர் கொண்டுவந்த ஆவணக் கோவையில் பாதி பயனற்றுப்போய்விட்டது. கட்டுக்கு ஆபத்து இருக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார். தான் நேரில் பார்த்ததாக அதிகாரி சொன்னார். எந்த நாள் என்று கேட்டபோது, சூறாவளி முடிந்து நாலாம் நாள் என்றார். அதற்கு முன் வீதி திறக்கவில்லை. அப்போது குளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

அடுத்து சவரிமுத்தரை அழைத்தார்கள். தலைவர் மனுவில் அவருடைய பெயர் இருந்த வரியைப் பார்த்தார். அந்தக் கதவுக்கு நேர் கீழே இருப்பது உங்களுடைய வயல்தான் என்பது திருப்பும்போது தெரியாதா என்று கேட்டார்.

சவரிமுத்தர் மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்தார்.

“தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் திருப்பினன். என்ர வயலுக்குக் கீழ ஊர் இரிக்கு.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தன் கோவையை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த எம்.பி. சேர் என் பக்கம் திரும்பவில்லை. மேசைக்குக் கீழே என் முழங்கையை ஒருமுறை அழுத்தினார். அந்த வசனத்தோடு மனு போயிருந்தால் இந்த மனிதர் இந்த அறைக்குள் வந்திருக்கவே முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனையோ நாள் கழித்து முதல்முறையாக நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. உதுமாலெவ்வை திரும்ப வேலைக்கு எடுக்கப்படுகிறார், சேவையில் முறிவு இல்லை. சவரிமுத்தர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. தபாலில் அனுப்பலாமா என்று எம்.பி. சேரிடம் கேட்டேன். நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். இறக்காமத்துக்கு பஸ் ஏறினேன்.

வேலை போன இரண்டு வருடமும் உதுமாலெவ்வை அறுவடைக்கும் விறகு வெட்டவும் கூலிக்குப் போயிருந்தார். நான் போனபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி கட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக்காட்டினேன். சிங்களத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். உள்ளேயிருந்து மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அழுதார். உதுமாலெவ்வை அழவில்லை. வேலியில் பாதியில் விட்ட கட்டை இறுக்கி முடித்தார். பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“இந்த ரெண்டு வருசமும் அந்தக் கதவுகளுக்கு ஆரும் கிறீஸ் போட்டாங்களா, தம்பி?”

எனக்குத் தெரியாது என்றேன். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கடிதத்தின்படி அவர் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.